நட்பு நாடு ‘திடீரென’ மாறுகிறதா? சூயஸ் முதல் கிரையோஜெனிக் வரை வரலாறு சொல்லும் பாடம் என்ன?

பல ஆண்டுகளாக நம்பியிருந்த நட்பு நாடு ஒருநாள் காலையில் வேறு பக்கம் நிற்கிறது. தலைநகரில் அவசரக் கூட்டம் கூடுகிறது. “இப்படிச் செய்வாங்கன்னு யார் எதிர்பார்த்தது?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். லண்டன், டோக்கியோ, டெல்லி என மூன்று தலைநகரங்களும் இந்த நிலைமையைச் சந்தித்திருக்கின்றன.

ஆனால் அந்தக் காலத்து ஆவணங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலான நேரங்களில் அந்த மாற்றத்துக்கான அறிகுறிகள் கண்ணெதிரேயே இருந்தன. கடிதத்தில் எழுதியிருந்தது, பத்திரிகையில் வந்திருந்தது, தேர்தல் மேடையில் பேசப்பட்டிருந்தது. பழைய நட்பை நினைத்துக்கொண்டு படித்ததால் அதன் பொருள் புரியாமல் போனது.

இந்தத் தவறு எப்படி நடக்கிறது? அதைத் தவிர்க்க வரலாற்றை எப்படிப் பயன்படுத்தலாம்? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• 1956-ல் அமெரிக்கா எழுத்திலேயே எச்சரித்தும், ‘நம்ம ஆளுதானே’ என்று பிரிட்டன் சூயஸில் இறங்கியது. சில நாட்களிலேயே பின்வாங்கியது.
• 1971-ல் ஒரே மாதத்தில் இரண்டு முறை ஜப்பானை அமெரிக்கா அதிர வைத்தது. அதே ஆண்டு இந்தியா நிலைமையைச் சரியாகப் படித்தது.
• 1962-லும் 1993-லும் மாஸ்கோ விஷயத்தில் இந்தியாவின் கணக்கு தவறியது.
• எல்லா அறிகுறிகளும் பலிப்பதில்லை. தென்கொரியா அதற்கு உதாரணம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 மார்ச் தொடக்கத்தில் யுக்ரேனுக்கான ராணுவ உதவியை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. சுமார் ஒரு வாரத்தில் உதவி மீண்டும் தொடங்கினாலும், ‘நாளைக்கு நமக்கும் இதுதானா?’ என்ற கேள்வி ஐரோப்பா முழுக்க எழுந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா முதலில் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெயை வாங்குவதைக் காரணம் காட்டி மேலும் 25 சதவீதமும் வரி விதித்தது. மொத்தம் 50 சதவீதம். அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்கு அது நேரடி அடி. இந்தியாவும் அமெரிக்காவும் ராணுவக் கூட்டணி நாடுகள் இல்லை. ஆனாலும் நெருங்கிய கூட்டாளிகள் என்று இரு தரப்பும் சொல்லிவந்த நேரம் அது.

இதுவும் முழுக்க எதிர்பாராததா? டிரம்ப் தன் முதல் ஆட்சிக்காலத்திலேயே இந்தியாவை ‘வரி மன்னன்’ என்று விமர்சித்தவர். 2019 ஜூனில் இந்தியாவுக்கான ஜிஎஸ்பி வரிச்சலுகையை ரத்து செய்தவர். அறிகுறி இருந்தது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் கணிப்பு தவறியது. இது உலகத்துக்குப் புதிதல்ல.

சூயஸ் 1956: எழுதிக் கொடுத்தும் நம்பாத லண்டன்

1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். அந்தக் கம்பெனியில் 44 சதவீதப் பங்கு பிரிட்டிஷ் அரசிடம் இருந்தது. மேற்கு ஐரோப்பாவுக்கான எண்ணெயில் பெரும்பகுதி அந்தக் கால்வாய் வழியாகத்தான் வந்தது. பிரிட்டிஷ் பிரதமர் ஆந்தனி ஈடன், படைபலத்தைக் காட்டியாவது கால்வாயை மீட்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

அமெரிக்க அதிபர் ஐசனோவரின் பதில் சீக்கிரமே வந்தது. அந்தக் கட்டத்தில் படைபலத்தை யோசிப்பதே சரியல்ல என்று ஜூலை 31-ல் ஈடனுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு கடிதம். அமெரிக்க மக்கள் படைபலத்தை ஏற்க மாட்டார்கள் என்று அதில் வெளிப்படையாகவே சொன்னார்.

இதைவிடத் தெளிவாக ஒரு நட்பு நாடு எப்படிச் சொல்லும்? ஆனாலும் லண்டன் நம்பவில்லை.

அக்டோபர் 24-ல் பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகத் திட்டம் போட்டன. முதலில் இஸ்ரேல் தாக்கும். பிறகு ‘சண்டையை விலக்கிவிட வந்தோம்’ என்று மற்ற இருவரும் நுழைவார்கள். அக்டோபர் 29-ல் இஸ்ரேல் சினாய்க்குள் நுழைந்தது. நவம்பர் 5-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் போர்ட் சயீதில் இறங்கின. நவம்பர் 6-ல் அமெரிக்க அதிபர் தேர்தல். அதே நாள் நள்ளிரவில் பிரிட்டன் போர்நிறுத்தம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

அமெரிக்கா ஒரு குண்டுகூடப் போடவில்லை. பணத்தை வைத்தே காரியத்தை முடித்தது. பவுண்டின் மதிப்பைக் காப்பாற்ற பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. நவம்பர் மாதத்தில் மட்டும் அதன் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 28 கோடி டாலர் குறைந்தது. ஐஎம்எஃப் கடனுக்குப் போனால், படைகள் வெளியேறாமல் அமெரிக்கா சம்மதிக்காது. கால்வாயில் எகிப்து கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்திருந்ததால் எண்ணெயும் வரவில்லை. டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. படைகள் வெளியேற ஒப்புக்கொண்ட பிறகுதான் சுமார் 130 கோடி டாலர் ஐஎம்எஃப் உதவி கிடைத்தது. 1957 ஜனவரி 9-ல் ஈடன் ராஜினாமா செய்தார்.

எங்கே தவறியது கணக்கு?

சூயஸில் பிரிட்டன் செய்த தவறுகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, தனிப்பட்ட பழக்கத்தை அரசின் கொள்கையாக எடுத்துக்கொண்டது. நிதியமைச்சர் ஹரால்ட் மெக்மில்லனும் ஐசனோவரும் இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்காவில் சேர்ந்து வேலை செய்தவர்கள். 1956 செப்டம்பர் 25-ல் மெக்மில்லன் வெள்ளை மாளிகைக்குப் போய்ப் பழைய நண்பரைச் சந்தித்தார். சூயஸ் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஐசனோவர் குறுக்கே வரமாட்டார் என்று ஈடனுக்குச் சொன்னார். ‘பழைய பழக்கம் இருக்கு, பார்த்துக்கலாம்’ என்பதுதான் கணக்கு.

இரண்டாவது, தவறான வரலாற்றை எடுத்துக்கொண்டது. இதுதான் சூயஸில் கவனிக்க வேண்டிய இடம். ஈடனும் வரலாற்றிலிருந்துதான் பாடம் படித்தார். 1938-ல் முசோலினியுடன் பேச்சுவார்த்தை நடத்துவதில் எழுந்த கருத்து வேறுபாட்டால் வெளியுறவு அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தவர் அவர். அதே ஆண்டு மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்து உலகம் பட்ட பாட்டையும் பார்த்தவர். ஆகவே நாசரைப் பார்த்ததும் அவருக்கு முசோலினிதான் தெரிந்தார். ஆனால் நாசர் கால்வாயை மூடவில்லை. வெளிநாட்டு பைலட்டுகள் செப்டம்பரில் வேலையை விட்டுப் போன பிறகும் எகிப்து கப்பல்களை ஓட விட்டது. அதனால் படைபலத்துக்கான முக்கிய நியாயமே அமெரிக்காவின் கண்ணில் கரைந்துபோனது.

மூன்றாவது, நட்பு நாட்டைப் பற்றிய வரலாற்றை மறந்தது. எதிரியைப் பற்றி 1938-ஐ நினைவில் வைத்திருந்த லண்டன், அமெரிக்காவைப் பற்றிய 1945-ஐயும் 1946-ஐயும் மறந்தது. ஜப்பான் சரணடைந்த சில நாட்களிலேயே, 1945 ஆகஸ்டில், பிரிட்டனைத் தாங்கிப்பிடித்திருந்த லெண்ட்-லீஸ் உதவியை அமெரிக்கா சட்டென நிறுத்தியது. அணுகுண்டுத் திட்டத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பங்கெடுத்திருந்தும், 1946-ல் மக்மஹோன் சட்டம் வழியாக அணு ரகசியங்களைப் பகிர்வதை நிறுத்தியது. அமெரிக்கா தன் சட்டம், தன் பணம், தன் வாக்காளர் என்று வரும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் கையிலேயே இருந்தன.

நான்காவது, கேட்கவேண்டிய நேரத்தில் கேட்க ஆளில்லை. வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் அக்டோபரில் பதவி முடிந்து கிளம்பிவிட்டார். புதிய தூதர் வந்து சேர்ந்தது போர்நிறுத்தத்துக்குப் பிறகு. படையெடுப்புத் திட்டத்தை அமெரிக்காவிடம் மறைக்க நினைத்ததால், அமெரிக்காவின் மனநிலையை அறியும் வழியையும் லண்டன் தானே மூடிக்கொண்டது.

ஒரே அடி, இரண்டு பாடம்

சூயஸில் அடிவாங்கிய இரு நாடுகளும் நேர் எதிரான முடிவுகளுக்கு வந்தன. இனி அமெரிக்காவை மீறி எதையும் செய்யக்கூடாது என்பது பிரிட்டனின் முடிவு. மெக்மில்லன் பிரதமராகி உறவைச் சரிசெய்தார். 1958-ல் அணு ஆயுத ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. அமெரிக்காவை நம்பி இருக்கக்கூடாது என்று முடிவு செய்து, 1960 பிப்ரவரியில் சஹாராவில் முதல் அணுகுண்டைச் சோதித்தது. 1966-ல் நேட்டோவின் ஒருங்கிணைந்த ராணுவத் தலைமையிலிருந்து விலகியது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சூயஸுக்கு முன்பே, அக்டோபரிலேயே, ஐஎம்எஃபில் கடன் வசதியை பிரான்ஸ் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. பணம் விஷயத்தில் பிரிட்டன் பட்ட நெருக்கடியை அது படவில்லை.

பிரிட்டன் தேர்ந்தெடுத்த வழியிலும் சிக்கல் இல்லாமலில்லை. 1962-ல் பிரிட்டன் நம்பியிருந்த ஸ்கைபோல்ட் ஏவுகணைத் திட்டத்தை அமெரிக்கா கைவிட்டது. கைவிடப் போகிறோம் என்ற எச்சரிக்கை முன்பே போனது. மாற்று என்ன வேண்டும் என்று லண்டன் கேட்கட்டும் என வாஷிங்டன் காத்திருந்தது. வாஷிங்டன் சொல்லட்டும் என லண்டன் காத்திருந்தது. இரண்டு பக்கமும் பேசாமலிருந்ததில் அது பெரிய நெருக்கடியாக வெடித்தது. டிசம்பரில் நசாவ் மாநாட்டில் போலாரிஸ் ஏவுகணை கொடுப்பதாகச் சொல்லித்தான் சமாதானம் ஆனது. ஏன் இப்படி நடந்தது என்று ஆராய்ந்து அறிக்கை தரும்படி பேராசிரியர் ரிச்சர்ட் நியூஸ்டாட்டை அதிபர் கென்னடி கேட்டுக்கொண்டார். நெருங்கிய நட்பு நாடுகள்தான் ஒன்றையொன்று அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது என்பது அவர் ஆய்வின் மையம். ‘நமக்குத்தான் அவங்களைத் தெரியுமே’ என்ற நினைப்பில் யாரும் விசாரிப்பதில்லை.

டோக்கியோ 1971: ஒரே மாதத்தில் இரண்டு அதிர்ச்சி

பீஜிங்கை அங்கீகரிக்காமல், தைவானை ஆதரித்து அமெரிக்காவின் பின்னால் நின்ற நாடு ஜப்பான். 1971 ஜூலை 15 அன்று, தான் சீனாவுக்குப் போகப்போவதாக அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஜப்பான் பிரதமர் எய்சாகு சாட்டோவுக்குத் தகவல் போனது அறிவிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான்.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று அடுத்த அடி. டாலருக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திய நிக்சன், இறக்குமதிகளுக்கு 10 சதவீதக் கூடுதல் வரியும் போட்டார். 1949 முதல் ஒரு டாலருக்கு 360 யென் என்று அசையாமல் இருந்த விலை ஆட்டம் கண்டது. டோக்கியோ அப்போதும் நம்பவில்லை. ஐரோப்பியச் சந்தைகள் மூடிக்கிடந்தபோது, ஜப்பான் தன் அந்நியச் செலாவணிச் சந்தையைத் திறந்து வைத்து, பழைய விலையிலேயே டாலரை வாங்கிக் குவித்தது. ஆகஸ்ட் 28-ல்தான் கைவிட்டது. டிசம்பரில் விலை 308 யென்னாக முடிவானது. பழைய விலையில் வாங்கிய டாலர்களின் மதிப்பு அந்த அளவுக்குக் குறைந்தது.

இதற்கெல்லாம் முன்னறிவிப்பு இருந்ததா? வரிசையாகவே இருந்தது.

• 1967: சீனாவை நிரந்தரமாக உலகத்துக்கு வெளியே நிறுத்தி வைக்க முடியாது என்று நிக்சனே ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் எழுதினார். அப்போது அவர் அதிபர்கூட இல்லை.
• 1968: தென்மாநில ஜவுளி ஆலைகளைக் காப்பாற்ற இறக்குமதியைக் கட்டுப்படுத்துவேன் என்று தேர்தலில் வாக்குறுதி கொடுத்தார்.
• 1969 ஜூலை: ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குவாம் தீவில் அறிவித்தார்.
• 1971 ஏப்ரல்: அமெரிக்க டேபிள் டென்னிஸ் அணியை பீஜிங் வரவேற்றது.

ஜவுளி விவகாரம் இதில் முக்கியம். ஒகினாவா தீவைத் திருப்பிக் கொடுக்கும் 1969 பேச்சுவார்த்தையில், ஜவுளி ஏற்றுமதியைக் குறைப்பதாக சாட்டோ வாக்கு கொடுத்தார் என்று நிக்சன் நம்பினார். சாட்டோவால் அதைச் செய்துமுடிக்க முடியவில்லை. டோக்கியோவுக்கு அது சாதாரண வியாபாரத் தகராறு. நிக்சனுக்கோ அது வாக்கு, வாக்காளர் இரண்டும் சம்பந்தப்பட்ட விஷயம். கடைசியில் 1971 அக்டோபரில் ஜப்பான் இறங்கிவர வேண்டியதாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த அதிர்ச்சியை ஜப்பானியத் தூதர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கற்பனை செய்திருந்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் ஜப்பானிடம் சொல்லாமலே அமெரிக்கா சீனாவை அங்கீகரித்திருக்கும் என்ற பயத்துக்கு, வாஷிங்டனில் தூதராக இருந்த அசகாயின் பெயரையே வைத்து ‘அசகாயின் கெட்ட கனவு’ என்று அழைத்தார்கள். பயம் இருந்தது. அதற்கான திட்டம் இல்லை.

ஆனால் அடிவாங்கிய பிறகு ஜப்பான் வேகமாக நகர்ந்தது. புதிய பிரதமர் காகுவேய் டனாகா 1972 செப்டம்பரில் பீஜிங் போய் முழுத் தூதரக உறவை ஏற்படுத்தினார். அமெரிக்கா அதைச் செய்தது 1979 ஜனவரியில்தான். 1973-ல் சோயாபீன் ஏற்றுமதிக்கு அமெரிக்கா திடீர்த் தடை போட்டபோது டோஃபுவும் மிசோவும் அன்றாட உணவான ஜப்பான் மீண்டும் அதிர்ந்தது. அதன்பிறகு பிரேசிலின் செராடோ சமவெளியில் சோயா சாகுபடிக்குப் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்து மாற்று வழியை வளர்த்தது. அமெரிக்கக் கூட்டணியை ஜப்பான் விடவில்லை. ஒரே கடையில் வாங்கும் பழக்கத்தைத்தான் விட்டது.

டெல்லி: 1962-ல் சறுக்கல், 1971-ல் சுதாரிப்பு

1962 அக்டோபர் 20-ல் சீனா இந்திய எல்லையில் தாக்குதல் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் சீனாவைக் கொஞ்சமாவது தடுத்து நிறுத்தும் என்று டெல்லியில் எதிர்பார்ப்பு இருந்தது. மிக்-21 விமானங்களைத் தரவும் மாஸ்கோ அந்த ஆண்டு ஒப்புக்கொண்டிருந்தது.

ஆனால் அதே வாரத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடி உச்சத்தில் இருந்தது. அமெரிக்காவுடன் அணு ஆயுதப் போர் வருமோ என்ற நிலையில், மாஸ்கோவுக்கு சீனாவின் ஆதரவு தேவைப்பட்டது. அக்டோபர் 25-ல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி நாளேடான பிராவ்தா, சீனாவின் சமரச யோசனையை ஆதரித்தும் மக்மோகன் கோட்டைக் குறை சொல்லியும் எழுதியது. கியூபா நெருக்கடி தணிந்ததும், நவம்பர் தொடக்கத்தில் பிராவ்தாவின் குரல் மறுபடி நடுநிலைக்குத் திரும்பியது. நவம்பர் 19-ல் நேரு அமெரிக்க அதிபர் கென்னடியிடம் விமானப்படை உதவி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

சிம்பிளாகச் சொன்னால், மாஸ்கோவின் நட்பு பொய்யில்லை. அந்த வாரம் அதன் வீட்டில் வேறு தீ எரிந்தது. நட்பு நாட்டின் நிலைப்பாடு நம்மைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை என்பதே 1962 தந்த பாடம்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1971 ஜூலையில் டெல்லி இதைச் சரியாகப் பயன்படுத்தியது. கிஸ்ஸிங்கர் பீஜிங்குக்கு ரகசியமாகப் பறந்தது பாகிஸ்தான் வழியாக. அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவர் டெல்லி வந்து இந்திரா காந்தியைச் சந்தித்திருந்தார். நிக்சனின் பீஜிங் அறிவிப்புக்குப் பிறகு, வங்கதேச விவகாரத்தில் சீனா தலையிட்டால் அமெரிக்காவின் உதவியை எதிர்பார்க்க வேண்டாம் என்ற செய்தியும் இந்தியத் தூதர் எல்.கே.ஜா வழியாக டெல்லிக்கு வந்தது.

டெல்லி அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டது. 1969 முதல் இழுத்துக்கொண்டிருந்த சோவியத் நட்பு ஒப்பந்தம், பீஜிங் அறிவிப்பு வந்த நான்கு வாரங்களுக்குள், ஆகஸ்ட் 9-ல் கையெழுத்தானது. டிசம்பர் போரின்போது ஐநா பாதுகாப்பு கவுன்சிலில் சோவியத் வீட்டோ இந்தியாவுக்குத் துணை நின்றது. ஒரே பீஜிங் பயணம்தான். டோக்கியோ அதிர்ந்து நின்றது, டெல்லி வேலையை முடித்தது.

மகேந்திரகிரியில் முடிந்த கதை

அதே சோவியத் நட்பு 1990-களில் வேறு பாடம் நடத்தியது. சீனாவுடன் சமாதானமாகப் போக விரும்புவதாக கோர்பச்சேவ் 1986 ஜூலையிலேயே விளாடிவோஸ்டாக்கில் பேசியிருந்தார். 1989-ல் பீஜிங்குக்கே போனார். சீனாவை எதிர்க்க மாஸ்கோவுக்கு இந்தியா தேவை என்ற பழைய கணக்கு அப்போதே பலவீனமடையத் தொடங்கியது. 1991 ஆகஸ்டில் நட்பு ஒப்பந்தம் இன்னும் 20 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது.

1991-ல் சோவியத் நிறுவனம் கிளாவ்கோஸ்மோஸிடமிருந்து கிரையோஜெனிக் இன்ஜினையும் அதன் தொழில்நுட்பத்தையும் வாங்க இஸ்ரோ ஒப்பந்தம் செய்திருந்தது. 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் அமெரிக்கா தடை விதித்தது. மேற்கத்திய நாடுகளின் பண உதவி அப்போது ரஷ்யாவுக்கு உயிர்நாடி. 1993-ல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர முடியாது என்று கைவிரித்தது. தயாரான இன்ஜின்கள் 7 மட்டும் தருவதாக ஒப்பந்தம் மாறியது.

அதன்பிறகு இஸ்ரோ சொந்தமாக இன்ஜினை உருவாக்கியது. தமிழ்நாட்டில் மகேந்திரகிரி மையத்தில் அதன் சோதனைகள் நடந்தன. 2010 ஏப்ரலில் முதல் முயற்சி தோல்வி. 2014 ஜனவரி 5-ல் ஜிஎஸ்எல்வி-டி5 வெற்றிகரமாகப் பறந்தது. ஒப்பந்தம் கைமாறிப் போனதற்கும் சொந்த இன்ஜின் பறந்ததற்கும் நடுவே 20 ஆண்டுகள். நட்பு நாட்டைத் தவறாகக் கணித்தால் என்ன விலை என்பதற்கு இதைவிட நேரான கணக்கு கிடையாது.

அப்போ எல்லா அறிகுறியையும் நம்பணுமா?

வேண்டாம். அதிகம் பயந்தாலும் ஆபத்துதான். தென்கொரியா இதற்குச் சரியான உதாரணம்.

குவாம் அறிவிப்புக்குப் பிறகு 1971-ல் சுமார் 20,000 அமெரிக்க வீரர்கள் தென்கொரியாவிலிருந்து வெளியேறினர். அமெரிக்கா கைவிடப்போகிறது என்று பயந்த அதிபர் பார்க் சுங்-ஹீ ரகசியமாக அணு ஆயுதத் திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் கடும் அழுத்தத்தால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. பாதுகாப்பு தேடிப்போன வழியே நட்பை உடைக்கப் பார்த்தது.

பிறகு வந்த ஜிம்மி கார்ட்டர், தென்கொரியாவிலிருந்து தரைப்படையைத் திரும்ப அழைப்பேன் என்று தேர்தலிலேயே சொன்னவர். ஆனால் நாடாளுமன்றம், ராணுவம், உளவுத்துறை எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. 1979-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. பின்வாங்கியது ஒரு சிறு பகுதி மட்டுமே. இன்றும் அமெரிக்கப் படை அங்கே இருக்கிறது.

ஆக, அதிபர் சொல்கிறார் என்பதும், அந்த நாட்டின் அமைப்பே நகர்கிறது என்பதும் வேறு வேறு. நிக்சனின் சீனப் பயணத்துக்கு வியட்நாம் சோர்வும் சோவியத் எதிர்ப்பும் சேர்ந்து பின்பலம் கொடுத்தன. கார்ட்டரின் திட்டத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

கேட்டுப் பார்க்க வேண்டிய 6 கேள்விகள்

இந்த அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால், நட்பு நாட்டின் போக்கைக் கணிக்கும் எந்த அரசும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. சொன்னதைச் சொன்னபடி படித்தோமா? ஐசனோவரின் கடிதம் போல, எழுத்தில் இருப்பதற்கு நாமாக வேறு அர்த்தம் சேர்க்கிறோமா?

2. அவர்களுக்கு இப்போது பெரிய தலைவலி எது? 1962-ல் கியூபா, 1971-ல் வியட்நாம். அந்தத் தலைவலிக்கு நாம் மருந்தா, இடைஞ்சலா?

3. உள்நாட்டில் யாருக்கு வாக்கு கொடுத்திருக்கிறார்கள்? 1956 நவம்பர் தேர்தலும் 1968 ஜவுளி வாக்குறுதியும் மறக்கக்கூடாதவை.

4. மாற்றம் ஒரு தலைவருடையதா, அமைப்பினுடையதா? அடுத்தவர் வந்தால் திரும்புமா, தொடருமா?

5. அவர்கள் கையில் இருக்கும் நம் கயிறு எது? பிரிட்டனுக்கு டாலர், ஜப்பானுக்கு சோயா, இஸ்ரோவுக்கு இன்ஜின்.

6. எந்த வரலாற்றோடு ஒப்பிடுகிறோம்? அன்றைக்கும் இன்றைக்கும் என்ன ஒற்றுமை, என்ன வேற்றுமை என்று இரண்டு பட்டியல் போட வேண்டும். நியூஸ்டாட்டும் வரலாற்றாசிரியர் எர்னஸ்ட் மேயும் 1986-ல் எழுதிய நூலில் சொன்ன எளிய முறை இது. ஈடன் வேற்றுமைப் பட்டியலையும் போட்டிருந்தால், நாசரிடம் முசோலினியைப் பார்த்திருக்க மாட்டார்.

நட்பே வேண்டாம் என்பதா பாடம்?

இல்லை. சூயஸுக்குப் பிறகும் பிரிட்டனும் அமெரிக்காவும் நெருக்கமாகவே இருக்கின்றன. ஜப்பானில் அமெரிக்கப் படை இன்றும் இருக்கிறது. கிரையோஜெனிக் விவகாரத்துக்குப் பிறகும் இந்தியா ரஷ்யாவிடம் எஸ்-400 வாங்கியது. நட்பு நீடித்த இடங்களில் எல்லாம், பாதிக்கப்பட்ட நாடு தன் கையில் இன்னொரு வழியையும் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது.

வர்த்தகத்தில் இந்தியாவும் அந்த வழியில் நகர்கிறது. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடனான ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒரு சந்தைக்கு அனுப்பிய சரக்கை மறுநாளே இன்னொரு சந்தைக்குத் திருப்பிவிட முடியாது. அளவு, டிசைன், தரச்சான்று, வாங்குபவர் எல்லாமே மாற வேண்டும். ஜப்பானுக்கு பிரேசில் சோயா ஒரே ஆண்டில் வந்துவிடவில்லை. மகேந்திரகிரிக்கு 20 ஆண்டுகள் ஆனது. அதனால்தான் மாற்று வழிக்கான வேலையை உறவு நன்றாக இருக்கும் நாளிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது.